செலின் அக்காவின் பிரெஞ்சுக் கவிதை

மெல்பர்னின் புறநகரான டார்னெய்ட்டில், மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது யாராவது எங்கள் தெரு செலின் அக்காவிடம் எந்த ஊர் என்று கேட்பார்கள். இங்கே வானிலைக்கு அடுத்த பேச்சு அதுதான். அக்கா "பிரான்ஸ்" என்பார். கேட்டவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரிப்பார். பிறகு, உண்மையில் எங்கே என்று மறுபடி கேட்பார். அக்கா மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு நடந்துவிடுவார். அவரிடம் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட்தான். பிரான்ஸைத்தான் அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

எனக்குத் தேதிகளில் கொஞ்சம் பைத்தியம் உண்டு. பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அதன்பின் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம் என்றார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அக்காவின் அப்பா எழுதிக்கொடுத்தார். அப்படிப்பட்டவர்களைப் பாண்டியில் 'சொல்தா' என்பார்கள். நான் விழுப்புரத்துக்காரன். கல்லூரி நாட்களில் ஒரு ஜூலை பதினான்காம் தேதி, பிரெஞ்சு தேசிய நாளன்று, பாண்டிக் கடற்கரையில் கோட்டும் பதக்கங்களுமாக வியர்த்துக்கொண்டு நின்ற தமிழ் முதியவர்களைப் பார்த்தேன். இவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று அப்போது விளங்கவில்லை. மெல்பர்னில் ஆஸ்திரேலியக் குடியுரிமைச் சான்றிதழும் அந்த விழாவில் கொடுத்த ஒரு தொட்டிச் செடியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய நாளில்தான் மெல்ல விளங்கத் தொடங்கியது.

அக்கா படித்ததெல்லாம் பிரெஞ்சு வழியில். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கவிதையை மனப்பாடமாகச் சொல்ல வேண்டுமாம். அப்படிப் படித்த ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவருடையது, அவருக்கு இன்றும் ஒரு சொல் பிசகாமல் வரும். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் ஒருமுறை சொல்ல வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. போன மார்ச்சில், நகரத்தில் ஒரு பிரெஞ்சுக் கலைக்குழு அதே கவிஞருக்காக ஒரு ஞாயிறு பிற்பகல் கூட்டம் வைத்தது. அக்கா தொலைபேசியில் பெயர் கொடுத்தார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டார். அவர் மகனுக்கு வேலை என்பதால் நான் காரில் அழைத்துப் போனேன். போகும்போதே கவிதையின் பொருளை எனக்குச் சொல்லிவிட்டார்.

அரங்கில் நிகழ்ச்சித் தாளைப் பார்த்தோம். கடைசியில், பிறமொழிகள் என்ற பகுதியில், அக்காவின் பெயருக்கு நேரே 'தமிழ்' என்று இருந்தது. கூட்டத்தை நடத்திய பெண் நல்லவர். மிகவும் அன்பாகத்தான் பேசினார். அக்கா பிரெஞ்சில் கேட்டதற்கு அவர் நிதானமான ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பிரெஞ்சில் வாசிக்க உறுப்பினர்கள் போதுமான அளவு இருக்கிறார்களாம். அக்காவிடமிருந்து அவருடைய சொந்த மொழியைக் கேட்கத்தான் எல்லோரும் ஆவலாக இருக்கிறார்களாம். தமிழில் தனக்கு ஒரு கவிதையும் மனப்பாடமில்லை என்று அக்கா சொன்னதை அந்தப் பெண் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அக்கா மேடை ஏறினார். புரியாத ஒன்றைக் கேட்கத் தயாராகி எல்லோரும் புன்னகையோடு தலையைச் சாய்த்திருந்தார்கள். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ போன பொறவு வாசல்ல வெயிலு மட்டும் வந்து உக்காந்துட்டுப் போவுது. யாரத் தேடுறேன்னு கேட்டா, அதுக்கும் உன் பேரு தெரியல."

அதே கவிதை. அவர்களுடைய கவிஞரின் கவிதையை அவர் பாண்டித் தமிழில், நின்ற இடத்திலேயே மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அரங்கில் அது எனக்கு மட்டுமே தெரிந்தது. கைத்தட்டல் நன்றாகவே இருந்தது. தமிழின் ஓசையில் இந்தியாவின் வெப்பம் தெரிந்தது என்று ஒருவர் வந்து சொன்னார். அக்கா நன்றி சொன்னார். பிரெஞ்சில்தான்.

திரும்பும்போது எனக்குத்தான் ஆறவில்லை. யாருடைய கவிதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பாங்க, தம்பி. மன்னிப்பு வாங்கவா நான் சேல கட்டிக்கிட்டுப் போனேன்?"

வெஸ்ட்கேட் பாலம் தாண்டி டார்னெய்ட் வந்து சேர்ந்தோம். அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அக்கா இறங்கவில்லை. சீட் பெல்ட்டைக் கழற்றி, நிமிர்ந்து உட்கார்ந்து, முன்கண்ணாடியைப் பார்த்தபடி அந்தக் கவிதையை முதலிலிருந்து பிரெஞ்சில் சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஓரிடத்தில் குரல் தணிந்தது. வெயில் வந்து உட்காரும் இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்ததும் எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னேன்: 'மெர்சி', நன்றி.

அக்கா கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். "நல்லா இருந்துச்சான்னு தமிழ்ல சொல்லேன், தம்பி" என்றார்.