மீன் தொட்டியில் மூன்று நிற அரிசி

மலைத்தொடர்கள் மடிந்து உருவாவதை மாணவர்களுக்குக் காட்ட எனக்கு வண்ண மணல் தேவைப்பட்டது. மணல் இல்லை. மனைவி போன தீபாவளிக்கு வாசலில் கோலம் போடச் சாயமேற்றிய அரிசி மூன்று போத்தல்களில் மீதி இருந்தது. அவள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

காலி மீன் தொட்டியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பரப்பி, ஒரு பக்கத்திலிருந்து பலகையால் மெல்லத் தள்ளினேன். அடுக்குகள் வளைந்தன. பிறகு முறிந்து, அடியிலிருந்த பச்சை சிவப்பின் மேல் ஏறியது. அதற்குச் சற்றுத் தள்ளி அடுத்த முறிவு தொடங்கியது. ஒன்பது சென்டிமீட்டர் தள்ளியிருந்தேன். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து மகள், எல்லைக்கு இந்தப் பக்கம் மாசாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“அலமாக், என்னப்பா செஞ்சீங்க! இது அம்மா அரிசிதானே?”

“ஆமா.”

“இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்ல. அடுத்த வருஷம் இதுலதான் கோலம் போடணும்னு வச்சிருந்தேன். பலகைய பின்னாடி இழுங்க, பழையபடி வந்துருமில்ல?”

இழுத்தேன். பலகையோரம் கொஞ்சம் அரிசி சரிந்தது. மடிப்புகள் அப்படியே நின்றன.

“வராதும்மா.”

அவள் தட்டை எடுத்துவந்து பச்சை அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். இன்னொரு தட்டோடு எதிரே உட்கார்ந்து மஞ்சளைப் பொறுக்கினேன்.