கதவு பிரித்த பெரட்டு

ரயில் வந்து நிற்கும்போது அடிக்கும் சுட்ட இரும்பு வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அப்போது சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் மேடை தாழ்வு. ரயில் படி என் நெஞ்சுக்கு வரும். நின்ற கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். எங்கள் ரப்பர் தோட்டத்துச் சனமோ பிரிந்து நிற்காது. எத்தனை பேர் வந்தாலும் ஒரே கதவில்தான் முட்டும்.

எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. ரப்பர் கொட்டை எறிந்து விளையாடியதில் அவன் இடது கண்ணில் அடி. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் "டிரஸர்" பார்த்துவிட்டு, ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே கண் டாக்டர் வாரத்தில் ஒரு நாள், காலையில் மட்டும் பார்ப்பார்.

அம்மா வழக்கம்போல் இடம் பிடிக்க என்னை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். தம்பியைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் போனார். அங்கே நெரிசல். ரயில் நகர்ந்துவிட்டது. மேடையில் அம்மாவின் வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

ஈப்போவில் இறங்கி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா பஸ் பிடித்து வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. டாக்டர் போய்விட்டார்.

தோட்டத்தில் காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்தி ரப்பர் பால் எடுக்கும் வேலைக்குப் பிரிப்பதற்குப் "பெரட்டு" என்று பேர். அடுத்த வாரம் அம்மா அதை ஸ்டேஷனில் செய்தார். கதவு எங்கே வரும் என்று ஸ்டேஷன்காரரிடம் கேட்டு, நாலு பேர் இங்கே, ஐந்து பேர் அங்கே என்று பிரித்து நிறுத்தினார்.

பக்கத்து வீட்டு மாரி மாமா சிரித்தார். "என்னக்கா, பால் வாளியும் கொண்டாரணுமா?"

"ஒனக்கு வாய் மட்டும் நல்லா வேல செய்யுது. கடைசிக் கதவுக்குப் போ லா" என்றார் அம்மா.

போனார். எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகும் ரயில் நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். "போன வாரமே வந்திருக்கணும்" என்றார். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

போன மாதம் தம்பியோடு ஈப்போவில் ரயில் ஏறினேன். டிக்கெட்டில் இருக்கை எண் போட்டிருக்கிறது. சனம் தானாகவே வரிசையில் நிற்கிறது. மேடையும் ரயிலும் ஒரே மட்டம். ரப்பர் போய்த் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. பெரட்டு இல்லை, அம்மாவும் இல்லை.

கதவு திறந்ததும் தம்பி காலைத் தூக்கித் துழாவினான்.

"படி எங்கக்கா?"

"படி இல்லடா. நேரா வை."

அவன் உள்ளே போன பிறகுதான் நான் ஏறினேன்.