வேண்டுதல் இல்லாத பயணம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்தான் என் கடைக்குக் கூட்டம் வரும். பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கிக் காலை நீட்டிக்கொள்வார்கள். பைக்கில் வந்தவர்கள் வண்டியை அணைத்துவிட்டு நிழல் தேடுவார்கள். அந்த நிழல் என் கடைப் பலகைக்குக் கீழேதான் இருக்கிறது: தஹ்மீனா டிராவல்ஸ், ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை. சிங்கப்பூர், மஸ்கட், துபாய் என்று இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் நான்தான். நானாகப் போனது திருச்சி ஏர்போர்ட் வாசல் வரைக்கும். அதைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் கேட்கக்கூடாது, கோபம் வந்துவிடும்.

ராஜாத்தி அக்கா அன்றைக்கு கேட் திறந்திருக்கும்போதே வந்தார். அப்போதே ஏதோ விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்கு அந்தப் பக்கத்து ஊர் அவருக்கு. ஐம்பத்து நான்கு வயது. வீட்டுக்காரர் வைரக்கண்ணு அண்ணனுக்கு நாலு ஏக்கர் நிலம். ஒரே மகள் பிரகதீஸ்வரி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அக்கா சிரித்தால் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பஸ்ஸில் திரும்பிப் பார்ப்பார்கள். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் எத்தனை பேருக்கு உலை வைப்பது, யாரை எங்கே படுக்க வைப்பது என்பதெல்லாம் அவர் கையில்தான்.

"உக்காருங்கக்கா. எங்க, காசிக்கா, ராமேஸ்வரத்துக்கா?" என்றேன்.

"பாலித் தீவுக்கு. நடுவுல எரிமலை, சுத்திக் கடலு. வருசமெல்லாம் வேலை செஞ்சது போதும்மா, ஒரு வாரம் எங்க வேணும்னாலும் அழைச்சிட்டுப் போறேன், எடத்தை மட்டும் சொல்லுன்னா பிரகதீஸ்வரி. சொல்லிட்டேன். டிக்கெட்டு, ரூமு எல்லாம் ஒங்கிட்டயே போட்டுக்கச் சொல்லிருக்கா."

"அங்க என்னக்கா கோயிலு?"

"கோயிலு எக்கச்சக்கமா இருக்காம். நான் அதுக்குப் போகல. வாசல்ல நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுக் கடலுக்குப் போயிடுவேன்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் ஊர் விட்டு ஊர் போவதென்றால் ஒரு வேண்டுதல் இருக்க வேண்டும். எந்த மதமாக இருந்தாலும் இதில் வித்தியாசம் கிடையாது. அக்காவும் கடலைப் பதினோரு தடவை பார்த்தவர்தான். கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லை என்று வேளாங்கண்ணிக்குப் போனார். குழந்தை பிறந்ததும் மொட்டை போட நாகூருக்குப் போனார். அண்ணனைப் பாம்பு கடித்துப் பிழைத்தபோது ஒரு தடவை, மகள் பரீட்சைக்கு ஒரு தடவை, மகளின் கல்யாணத்துக்கு ஒரு தடவை. சிங்கப்பூருக்கே போயிருக்கிறார், மகள் பிரசவத்துக்கு. மூன்று மாதம் ஏழாவது மாடியில் கஞ்சியும் கஷாயமும் வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். போகிற இடத்துக்கெல்லாம் யாராவது ஒருத்தருக்காகத்தான் போனார். தனக்கென்று ஒரு பஸ் டிக்கெட்கூட அவர் எடுத்ததில்லை.

நான் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் அக்கா தேதியைச் சொல்லிவிட்டார். உரக்கடைக் காலண்டரைக் கிழித்து, பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"தையில அறுப்பு முடிஞ்சிது. உளுந்தும் பறிச்சாச்சு. மேட்டூர் தண்ணி ஜூன் பன்னெண்டுக்குத்தான். வைகாசில வயலுக்கு என்னால ஆகப்போறது ஒண்ணுமில்ல. அந்த ஊர்ல அப்ப மழை இருக்கான்னு மட்டும் பாரு."

பார்த்தேன். நல்ல வெயில் அடிக்கிற மாதம் என்றிருந்தது.

"நம்ம ஊர்ல இல்லாத வெயிலாக்கா? வெயில் காயவா ஏரோப்ளேன் ஏறுவாங்க?" என்று கிண்டல் செய்தேன்.

"இங்க வெயில்ல வேலைதானே செய்யறோம். வெயில்ல சும்மா உக்காந்ததில்லையே தஹ்மீனா" என்றார் அக்கா.

அடுத்து, அந்தத் தீவில் என்னென்ன செய்யலாம் என்று தேடினேன். முதலில் வந்ததே நெல் நடவு. சேற்றில் இறங்கி அரை நாள் நாற்று நடலாம், மதியச் சாப்பாடு உண்டு, ஆளுக்கு இவ்வளவு கட்டணம் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நாற்றைப் பூங்கொத்து மாதிரி பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"காசு கட்டி நடுறாங்களா? அந்தப் பொண்ணு நம்பர் இருந்தா வாங்கு. குறுவைக்கு ஆள் கெடைக்காம நாங்க முழிக்கிறோம்!"

நடவை அடித்துவிட்டு மற்றதை எழுதினோம். இரண்டு நாள் கறுப்பு மணல் கடற்கரையில் வெயிலில் சும்மா இருப்பது. ஒரு நாள் கண்ணாடி முகமூடி மாட்டிக்கொண்டு, கடலில் மிதந்தபடி அடியில் ஓடுகிற மீன்களைப் பார்ப்பது. ஒரு நாள் சரிவுப் பாதையில் சைக்கிள். கடைசி நாள் எரிமலை ஏறுவது. ஆற்றில் நீந்திப் பழகிய அக்காவுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை. மலைதான் கவலை. எங்கள் பக்கம் தட்டுப்போல் கிடக்கிற பூமி. வெண்ணாற்றங்கரையைவிட உயரமாக ஏறிப் பழக ஒரு மேடு கிடையாது.

அதற்கும் அக்கா வழி கண்டுபிடித்தார். ரயில் நிலையத்து நடைமேம்பாலம். மறுநாள் முதல் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து, சேலைக்குக் கீழே மகளின் பழைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, மறுபடி ஏறினார். பத்து தடவையில் ஆரம்பித்து இருபதுக்குப் போனார். ரயிலுக்கு நின்றவர்கள், பாவம், எந்த பிளாட்பாரம் என்று தெரியாமல் தவிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து வழி சொன்னார்கள்.

வினை அங்கே ஆரம்பித்தது. மலையேறக் கூட்டிக்கொண்டு போகிறவர்களின் படிவத்தில் இருதயம் சரியாக இருக்கிறதா, முட்டி சரியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். அக்கா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். மன்னார்குடிக்குப் போய் இ.சி.ஜி. எடுத்தார். இடுப்பு வலிக்கு அங்கே வந்திருந்த, அவர் தெருக்காரர் ஐயாவு இதைப் பார்த்துவிட்டார். ஐயாவு பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி.

வேண்டுதல் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை கடல் தாண்டிப் போகிறாள், மேம்பாலத்தில் மூச்சு வாங்க நிற்கிறாள், இருதயத்துக்கு டெஸ்ட் எடுக்கிறாள். ஊர் கணக்குப் போட்டுவிட்டது. ராஜாத்திக்கு நாள் குறித்தாகிவிட்டது, கடைசி ஆசையை மகள் நிறைவேற்றுகிறாள் என்று பேச்சு. ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று அக்கா சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் அதிகமாக அழுதார்கள். அக்காதான் டீ போட்டுக் கொடுத்து அவர்களைத் தேற்றி அனுப்பினார்.

ஊர் நம்பியதை வைரக்கண்ணு அண்ணனும் நம்பிவிட்டார். அதுதான் எனக்கு எரிச்சல். வயலில் எந்த வரப்பில் எலி வளை இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், தெரியாது. அந்த மனிதர் ஒரு புதன்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, எங்கிட்ட மறைக்காத. அவளுக்கு என்ன வியாதி?"

"வியாதி ஒண்ணும் இல்லண்ணே. அந்த ரிப்போர்ட்ட ஜெராக்ஸ் எடுத்ததே நான்தான். நார்மல்னு போட்டிருக்கு."

"அப்ப எதாச்சும் வேண்டிகிட்டாளா?"

"இல்லண்ணே."

"வியாதியும் இல்ல, வேண்டுதலும் இல்ல. பின்ன எதுக்குத்தான் போறா? அவ தூங்கறப்ப மூச்சு வருதான்னு ஒரு வாரமா பாத்துட்டுக் கெடக்கேன். வேணாம் தங்கச்சி. இதெல்லாம் நிறுத்துன்னு பிரகதீஸ்வரிகிட்ட சொல்லிடப்போறேன்."

அவர் கண் சிவந்திருந்தது. எரிச்சல் போய் எனக்குப் பரிதாபமாகிவிட்டது. ஆனால் பயமும் வந்தது. டிக்கெட்டை வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்தாக வேண்டும். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிரகதீஸ்வரி தயங்கிவிடுவாள். இந்த வைகாசி போனால் அடுத்த வைகாசி யார் கண்டது? அவர் போனதும் அக்காவுக்கு போன் செய்தேன்.

"பேரனுக்காக ஒரு வேண்டுதல்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. அங்கதான் கோயிலு எக்கச்சக்கமா இருக்கே, எதாவது ஒண்ணுக்குன்னு சொல்லுங்க. அண்ணன் மறுபேச்சுப் பேசமாட்டாரு. ஊரும் வாயை மூடிக்கும்."

"வேணாம் தஹ்மீனா. இத்தன தடவையும் நெசமா வேண்டிகிட்டுத்தான் போனேன். பொய்யா ஒண்ண சொன்னா அதெல்லாமும் பொய்யாயிடும். உள்ளத சொல்லிட்டுப் போறேன். முடியலன்னா போகல."

"அப்ப வீட்டுலயே கெடங்க!" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு கேட் மூடியிருந்தது. வரிசையில் நின்ற டி.வி.எஸ். வண்டியிலிருந்து இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். அண்ணன் முன்னால் வந்தார். அக்கா ஒன்றும் பேசாமல் பின்னால் வந்தார். அக்காவை அப்படி ஓசையில்லாமல் நான் பார்த்ததே கிடையாது.

"நான் தடுக்கல தங்கச்சி. என்ன காரணம்னு மட்டும் அவளச் சொல்லச் சொல்லு. எங்கிட்ட சொல்லக்கூடாததா?" என்றார் அண்ணன்.

"காரணம் எல்லாம் இல்லீங்க. ஒரு வாரம் சந்தோஷமா இருந்துட்டு வரணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

அண்ணன் குரல் இறங்கிப்போனது. "அப்ப இங்க சந்தோஷமா இல்லையா?"

நான் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிரிண்டரில் பேப்பரே இல்லை. இதைத்தான் இந்த மனிதர் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாரா?

"இருக்கேங்க. நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். பதினோரு தடவ கடலுக்குப் போயிருக்கோம். நீங்க குளிச்சீங்க, புள்ள குளிச்சிது, ஒங்க அக்கா வீட்டு ஆளுங்க எல்லாம் குளிச்சாங்க. நான் எங்க இருந்தேன்?"

கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது. நெல் மூட்டை ஏற்றிய பெட்டிகள், முடியவே முடியாது போல் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது.

"கரையில" என்றார் கடைசியில்.

"கரையில பை பாத்துகிட்டு இருந்தேன். எல்லாரு பையும், செருப்பும், வாட்சும், மாத்துத் துணியும். வேண்டுதலுக்குன்னு ஓடிப்போய்க் கண்ண மூடிகிட்டு ஒரு முழுக்குப் போடுவேன். திரும்பி ஓடியாந்து மறுபடி பைகிட்ட உக்காந்துப்பேன். ஒங்க மேல கொறை சொல்லல. யாரும் என்ன அப்படி உக்காரச் சொல்லல, நானாத்தான் உக்காந்தேன். கடலுக்குள்ள எறங்கி, கண்ணத் தொறந்து, ஒருக்காவாச்சும் பாக்கணும்ங்க. யாருக்காகவும் இல்ல. எனக்குத்தான்."

வண்டி போய் முடிந்து கேட் திறந்தது. ஒரே நேரத்தில் நாலு பஸ் ஹாரன் அடித்தது. டி.வி.எஸ்.ஸை நகர்த்தச் சொல்லி யாரோ கத்தினார்கள். அண்ணன் காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை. துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, பேரன் பொறந்தப்ப சிங்கப்பூர் போக எடுத்த எம் பாஸ்போர்ட்டு, அந்த நம்பரு ஒங்கிட்ட இருக்கா?"

"இருக்குண்ணே."

"எனக்கும் சேத்து ஒண்ணு போட்டுடு. பையப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பையெல்லாம் ரூமுலயே வெச்சுப் பூட்டிடலாங்க" என்றார். "நீங்களும் எங்கூட தண்ணில எறங்குங்க."