பிலோமினா ரீச்சரின் நொச்சி

பிலோமினா ரீச்சர் காலமான செய்தியை முல்லைத்தீவிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் என் வேலிப் படலையில் நின்று சொன்னார். அவர் சைக்கிளைச் சாத்தியிருந்தது ரீச்சர் நட்ட நொச்சியில். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கராயன் பள்ளிக்கூடத்தில் எங்களோடு படிப்பித்தவர்களுக்கு அவருடைய பிடிவாதத்தை நான் சொல்லத் தேவையில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவர், மாற்றலாகி வந்து என் பக்கத்து வளவில் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களுக்குக் காணி கிடைத்தால் முதல் வேலை, காட்டுச் செடி எல்லாவற்றையும் வெட்டி முற்றத்தைத் துப்புரவாகக் கூட்டி வைப்பது. நானும் அதையே செய்தேன். சோளகக் காற்று எழும்பினால் குசினி அடுப்புவரை புழுதி. கத்தரிக் கன்றுகள் கருகிவிடும்.

ரீச்சர் குளக்கரையில் நொச்சித் தடி வெட்டி வந்து தன் தெருவேலியோரம் நட்டார். தன் எல்லையில் நிறுத்தாமல் என் வேலியிலும் நட்டுக்கொண்டே போனார். ஆரைக் கேட்டு நடுகிறீர்கள் என்று பாய்ந்தேன்.

“காத்துக்கு உங்கடை வளவு, என்ரை வளவு எண்டு தெரியாது, மாஸ்ரர். மதில் கட்டினால் மேலாலை வந்து அடிக்கும். இது புழுதியை அரிச்சுப்போட்டுக் காத்தை மட்டும் விடும். ஆடும் கடிக்காது.”

நொச்சி கூரைக்கு மேல் வளர்ந்தது. என் கத்தரியும் காய்த்தது. ஆனாலும் ஆசையாகக் கட்டிய கல்வீடு தெருவுக்குத் தெரியவில்லையே என்று ஒருநாள் கத்தியோடு போனேன்.

“கலியாண வீடே நடக்குது, தெரியிறதுக்கு? கத்தியை உள்ளுக்கு வையுங்கோ” என்றார் ரீச்சர்.

வைத்துவிட்டேன்.

பிறகு சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது தெரு பற்றைக் காட்டுக்குள் மறைந்திருந்தது. கூரை, நிலை, கதவு ஒன்றும் மிஞ்சவில்லை. எந்த வளவு யாருடையது என்று தெரியாமல் எல்லோரும் தடுமாறினோம்.

“அங்கை பாருங்கோ, ரீச்சரின்ரை நொச்சி” என்றாள் மனைவி. ஒரே நேராக, பற்றைக்கு மேலே தலை காட்டி நின்றது. வீட்டை மறைக்கிறது என்று நான் வெட்டப் போன அதே நொச்சி.

சொந்த ஊரிலேயே தங்கிவிட்ட ரீச்சருக்கு, நொச்சிதான் எங்கள் வளவைக் காட்டித் தந்தது என்று சொல்லியனுப்பினேன். “அப்ப கத்தி இன்னும் உள்ளுக்குத்தான் கிடக்குது போலை. வந்து பாக்கிறன் எண்டு சொல்லுங்கோ” என்று பதில் வந்தது. அவர் வரவில்லை.

அவருடைய வளவு வெறுமையாகக் கிடக்கிறது. தெருவேலியில் சில இடங்களில் நொச்சி பட்டுப்போய்விட்டது. இந்த மாரி மழைக்கு என் பக்கத்திலிருந்து தடி வெட்டி அங்கே நட்டுக்கொண்டிருக்கிறேன். யாரையும் கேட்கவில்லை.