சாவி கொடுக்கும் நேரம்

பழைய கேமரா வாங்க வருகிறவர்கள் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பார்கள், காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள். அனார்குல் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள்.

பிஷ்கெக் நகரின் பழைய சாமான் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவளைப் பார்க்கலாம். தார்ப்பாயில் பரப்பிய ராணுவ பெல்ட்டுகளுக்கும் மூக்குடைந்த தேநீர்க் கெண்டிகளுக்கும் நடுவே சாவி கொடுத்து ஓட்டுகிற சினிமா கேமரா ஒன்று கிடந்தால், உட்கார்ந்து எடுப்பாள். பக்கவாட்டுச் சாவியை முறுக்கி, கன்ன எலும்போடு ஒட்டிவைத்து விசையை அழுத்துவாள். உள்ளே ஸ்பிரிங் அவிழ்கிற அதிர்வு எலும்பு வழியாக ஏறும். எந்தச் சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கிறது, எங்கே எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். பிறவியிலேயே காது கேளாதவள்.

ஒருமுறை ஒரு கடைக்காரன் பக்கத்துக் கடைக்காரனிடம், "பாருடா, கிழவி கேமராவுக்கு முத்தம் குடுக்குது" என்றான். அவள் உதட்டைப் படித்துவிட்டாள். பையிலிருந்த துண்டுக் காகிதத்தில், 'உன் மூஞ்சியை விட இது சுத்தமா இருக்கு' என்று எழுதி அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவன் அவளுக்காகவே கேமராக்களை எடுத்துவைக்க ஆரம்பித்தான்.

சோவியத் உடைந்து பத்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஜனங்கள் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் விற்றார்கள். அவள் வாங்கினாள். பேட்டரியில் ஓடுகிறவற்றைத் தொடமாட்டாள். பேட்டரி செத்தால் அது வெறும் பெட்டி என்பாள். ஸ்பிரிங் கேமராவைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் பிரிப்பாள். ஃபிலிமில் கீறல் போடுகிற உள்தகடுகளைக் கழற்றி எறிவாள். பிடி உடைந்திருந்தால் வால்நட் மரத்தில் செதுக்கிப் போடுவாள். கடைசியாக, கன்னம் படுகிற இடத்தில் கம்பளத் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டுவாள். அதன்பிறகுதான் அது அவள் கேமரா.

இளம் வயதிலிருந்தே அவள் படம் எடுத்ததெல்லாம் காது கேளாதோர் மன்றத்தில்தான். மற்றவர்கள் ஊமைப் படம் என்று சொல்வது அங்கே பேச்சு நிரம்பி வழிகிற படம். சனிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வெளிச்சத்தில் நின்று கையால் கதை சொல்வார், அனார்குல் எடுப்பாள். ஒரே தொல்லை, ஸ்பிரிங் அரை நிமிஷத்துக்கு மேல் ஓடாது. அதற்காக மன்றத்தில் ஒரு பழக்கம் உண்டாயிற்று. அவளுடைய இடது கை கேமராவை விட்டு விலகியதும், கதை சொல்கிறவர் கைகளை இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நிறுத்திக்கொள்வார். அவள் குனிந்து சாவி கொடுப்பாள். மறுபடி கேமரா கன்னத்துக்கு ஏறியதும் கதை தொடரும். திரையில் பார்த்தால் ஒட்டுப் போட்டதே தெரியாது. மன்றத்துக் கதைசொல்லி முகாஷ் ஒருமுறை அந்த இடைவெளியில் மூக்கைச் சொறிந்துவிட்டான். திரையில், அவன் கையில் பறந்துகொண்டிருந்த கழுகு திடீரென்று மூக்குக்குள் போய்விட்டது. மன்றத்தில் எல்லோருக்கும் கையால் காட்டும் பெயர் ஒன்று உண்டு. அன்றிலிருந்து அவன் பெயர் மூக்கு.

அனார்குலின் பெயர் சாவி. கன்னத்தருகே முஷ்டியைத் திருகினால் அவள். அவள் கணவன் பெய்ஷென் பெயர் புருவம். கதை சொல்லும்போது கைகள் சொல்லாததை அவன் புருவங்கள் சொல்லும்.

அவனுடைய கதைகள் எல்லாவற்றையும் அவள் எடுத்திருந்தாள், ஒன்றைத் தவிர. அவன் சின்ன வயதுக் கதை அது. காய்ச்சலில் காது போன வருஷம். மேய்ப்பர் குடும்பம் விடிவதற்குள் வட்டக் கூடாரத்தைப் பிரித்து மேல்மலைக்குக் கிளம்புகிறது. சேணக் குவியலுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பையன் இன்னொருவர் குதிரையில் இருக்கிறான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கும் அவன் காது கேளாதது இன்னும் பழகவில்லை. அவன் எழுந்து பார்த்தால், கூடாரம் இருந்த இடத்தில் வெளிறிய புல் வட்டம். சாணத் தடம் பார்த்தே நாளெல்லாம் நடக்கிறான். கடைசியில் அம்மா அவனைக் கண்டதும் முதலில் அறைகிறாள். பிறகு அவன் நெஞ்சில் விரலால் ஒரு வட்டம் போட்டு, அதன் நடுவில் அழுத்துகிறாள். அவனுக்குக் கையால் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அது.

"இதை நிறுத்தி நிறுத்திச் சொல்லமாட்டேன், சாவி" என்பான் பெய்ஷென். "நடுவுல நிறுத்தினா நான் அங்கேயே விடுபட்டுப் போயிருவேன்."

அவர்கள் மகன் உலானுக்கு அந்தக் கதை தெரியாது. அவனுக்குக் காது கேட்கும். அப்பா கைகளைத் தூக்கினாலே தெருவுக்கு ஓடிவிடுகிற பிள்ளையாக வளர்ந்து, இப்போது ருஷ்யாவில் கட்டட வேலை. வீட்டுக்கு வேண்டிய பேச்சு மட்டும் கையில் வரும்.

பெய்ஷெனின் வலது கை நடுங்க ஆரம்பித்தது ஒரு குளிர்காலத்தில். வசந்தத்தில் இடதும் சேர்ந்துகொண்டது. காது கேட்கிறவனுக்கு நாக்கு குளறுவது எப்படியோ அப்படி. கடையில் ரொட்டி கேட்டால் அவர்களுக்குப் புரிந்தது, மன்றத்தில் சிரிப்புக் கதை சொன்னால் பாதி பேருக்குப் புரியவில்லை. ஒருநாள் அவனே, "அந்தக் கதையை எடு. உலான் என்னைக்காவது பாப்பான்" என்றான்.

"முகாஷோட மச்சான்கிட்ட வீடியோ கேமரா இருக்கே. கல்யாணத்துக்கெல்லாம் எடுக்கிறான். நிக்காம ஓடும்" என்றாள்.

"அவன் எடுத்த கல்யாணத்தைப் பாத்தியா? எல்லாரும் கையால பேசுறாங்க, அவன் மூஞ்சி மூஞ்சியாப் புடிச்சு வச்சிருக்கான். கழுத்துக்குக் கீழ ஒரு வார்த்தை இல்ல."

அனார்குல் இரண்டு செத்த கேமராக்களின் ஸ்பிரிங்குகளை எடுத்து முனையோடு முனை வைத்து ஆணி அறைந்து இணைத்தாள். அதை அடக்கப் பெரிய உருளை வேண்டியிருந்தது. கேமராவின் விலாவில் கழலை போலப் புடைத்துக்கொண்டு நின்றது. இடம் போதாமல் நிறுத்தும் நெம்புகோலைக் கழற்றிவிட்டாள். ஒருமுறை விசையை அழுத்தினால் முழு ஃபிலிம் சுருளும் தீர்கிறவரை நிற்காது. பழுதான ஃபிலிமைப் போட்டு மறுபடி மறுபடி ஓட்டி, கன்னத்தில் வேகம் பார்த்தாள். வேகம் மாறவில்லை. நல்ல ஃபிலிம் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது, குளிர்பெட்டியில் ஆட்டிறைச்சிக்கு அடியில். உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது நின்றுபோய் வருஷங்கள் ஆகிவிட்டன.

மே மாதம் ஒரு காலையில் குடியிருப்பின் முற்றத்தில், வெயில் பக்கமாக அவனை நிற்கவைத்தாள். நல்ல சட்டை, வெள்ளைக் கம்பளித் தொப்பி. மருந்து பிடித்து நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருந்த நேரம்.

"இன்னைக்கு நிறுத்தவே வேண்டாம். நான் சாவி குடுக்கமாட்டேன். ஒரே ஓட்டம்."

"தெரியும்."

"புரிஞ்சுதா? நிறுத்தாதே."

"அடியே, எனக்குக் காதுதான் கேக்காது. மூளை இருக்கு. எடு."

எடுத்தாள். கைகள் நடுங்கின, ஆனாலும் எல்லாம் தெளிவாக இருந்தது. குதிரைகள் வந்தன, சுமை ஏறியது, பையன் தூங்கினான், எழுந்தான். அவன் புருவங்கள் மேலேறின. விரல் காற்றில் வெளிறிய வட்டத்தைப் போட்டது. அரை நிமிஷம் ஆகியிருக்கும். அங்கே அவன் நின்றான்.

கைகளை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தான்.

முப்பது வருஷத்துப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டா வரும்? கேமரா கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளும் அதில். பேசக் கை இல்லை. தலையை ஆட்டினாள், கேமராவும் சேர்ந்து ஆடியது. அவன் பொறுமையாகப் புன்னகைத்தான். வேறு வழியில்லாமல் இடது கையை எடுத்து, "சொல்லு, சொல்லு" என்று காட்டினாள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கை கேமராவை விட்டு விலகியதுதான். கை விலகினால் சாவி கொடுக்கிறாள் என்று அர்த்தம். இன்னும் நேராக நிமிர்ந்து, நடுங்குகிற விரல்களை இன்னும் இறுக்கி, காத்திருந்தான்.

நிறுத்தவும் முடியாது. ஃபிலிம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் கன்னத்தில் அதிர்வு லேசாகிப்போனது. சுருள் முடிந்து வால் வெளியே வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. மிச்சம் இருந்த ஸ்பிரிங்கும் அவிழ்ந்து அடங்கியது.

கேமராவை இறக்கினாள். அவன் கைகளை அசைக்காமல், "என்ன?" என்று புருவத்தால் மட்டும் கேட்டான்.

 அவள் குனிந்து, காலியான கேமராவுக்குச் சாவி கொடுத்தாள். கன்னத்தில் வைத்து விசையை அழுத்தினாள்.

அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அதைவிட நன்றாக அவன் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. சாணத் தடத்தில் நடந்தான், ஆற்றைக் கடந்தான், அம்மாவிடம் அறை வாங்கினான். நெஞ்சில் வட்டத்தைப் போட்டு நடுவில் அழுத்தியபோது கை நடுங்கவே இல்லை. முடித்துவிட்டு சுவரோரம் உட்கார்ந்தான்.

"முழுசா வந்துச்சா?"

"வந்துச்சு."

"நடுவுல நிறுத்தினியே?"

"ஸ்பிரிங் மக்கர் பண்ணுச்சு. திரையில தெரியாது, ஒட்டிக்கும்."

கோடை முடிவதற்குள் அவனால் கைகளைத் தூக்க முடியாமல் போயிற்று. படத்தைப் போட்டுக் காட்டு என்று இரண்டு முறை கேட்டான். கழுவ மருந்து கிடைக்கவில்லை என்றாள். குளியலறையில் கழுவிக் காயப்போட்டுப் பார்த்து, டப்பாவில் அடைத்து எப்போதோ வைத்துவிட்டிருந்தாள். இலையுதிர் காலத்தில் பெய்ஷென் போய்விட்டான்.

மன்றத்தில் வைத்த நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். உலானும் வந்திருந்தான். இறைச்சி பரிமாறி, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளைக் குவித்து, தேநீர் சுற்றி வந்தபின் முகாஷ் எழுந்தான்.

"சாவி, புருவத்தோட அந்தப் படத்தைப் போடு. எடுத்தாச்சுன்னு அவன் எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சான்."

மறுக்க வழியில்லை. புரொஜெக்டரை வைத்துச் சுவரில் போட்டாள். குதிரைகள், சுமை, தூக்கம், வெளிறிய புல் வட்டம். பிறகு பெய்ஷென் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

முகாஷ் திரும்பினான். "என்ன, படம் நின்னுபோச்சா?"

"படம் ஓடுது. அவன்தான் நிக்கிறான். நான் சாவி குடுக்கிறேன்னு நெனைச்சுக்கிட்டான்."

"மிச்சம்?"

"மிச்சம் சொன்னான். கேமராவுல ஃபிலிம் இல்ல. இருக்கிற மாதிரி புடிச்சுக்கிட்டு நின்னேன்."

முகாஷின் கைகள் மேசையில் விழுந்து பாத்திரங்கள் அதிர்ந்தன. "சாகப்போற மனுஷனை ஏமாத்தியிருக்கே. சொல்லியிருந்தா மறுபடி எடுத்திருக்கலாம்."

"எதுல எடுக்கிறது? உன் மூக்குலயா? இருந்ததே அந்த ஒரு சுருள்."

யாரும் சிரிக்கவில்லை. சுவரில் பெய்ஷென் இன்னும் காத்திருந்தான். கண்ணைச் சுருக்கி, ஒரு பக்கம் லேசாகத் தலை சாய்த்து, உதட்டோரம் ஒரு சிரிப்பு வரலாமா என்று யோசிக்கிற முகம். பாத்மா, மன்றத்தில் அனார்குலின் பழைய தோழி, அவள் முழங்கையைத் தொட்டாள்.

"இந்த மூஞ்சியைப் பாத்து நாங்க எவ்வளவு கேலி பண்ணியிருக்கோம் தெரியுமா?"

"எப்போ?"

"நீ சாவி குடுக்கும்போதெல்லாம். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நிப்பான். நீ குனிஞ்சிருப்பே."

"யாரும் எங்கிட்ட சொல்லலையே."

"புருஷன் உன்னை எப்படிப் பாக்குறான்னு வேற ஒருத்தி வந்தா சொல்லணும்?"

அனார்குல் சுவரைப் பார்த்தாள். பிறகு கைகள் மெதுவாக அசைந்தன. "நான் இதுக்காகக் கேமரா செய்யல, பாத்மா."

சுருள் முடிந்து சுவர் வெள்ளையாயிற்று. கடைசி வரிசையிலிருந்து உலான் எழுந்து வந்தான். விரல்கள் தட்டுத் தடுமாறிக் கேட்டன. "அம்மா. அப்புறம் அப்பா என்ன சொன்னாரு?"

மன்றம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. மன்றத்தார் கதையைப் பல முறை பார்த்தவர்கள்தான். ஆனால் கடைசியாகச் சொன்னதைப் பார்த்தவள் அவள் ஒருத்தி. புரொஜெக்டர் வெளிச்சத்துக்குள் போய் நின்று சொல்ல ஆரம்பித்தாள். பையன் நடந்தான். ஆறு வந்தது, கடந்தான். மலை ஏறினான். அம்மா அடித்தாள், வட்டம் போட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் காட்டிய ஆற்றில் தண்ணீர் குளிரவில்லை. அவள் காட்டிய பையனுக்குப் பயமே இல்லை. பாதியிலேயே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. முகாஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முடித்ததும் உலான் தலையாட்டினான். "புரிஞ்சுதும்மா. நல்ல கதை."

புரியாதபோதெல்லாம் அவன் இப்படித்தான், கொஞ்சம் அவசரமாகத் தலையாட்டுவான். பெற்றவளுக்குத் தெரியாதா?

"உக்காரு" என்றாள் அனார்குல். மற்றவர்கள் கோட்டுகளை மாட்டத் தொடங்கியிருந்தார்கள். அவள் அவன் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் இருந்து, இன்னும் மெதுவாக, மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.