மல்லிகாக்கா கடைக்கு நான் மாட்டிய அரக்கு போர்டு

அக்ரிலிக் ஷீட்டின் மேல் ஒட்டிவரும் காகிதத்தை உரிக்கும்போது 'சர்ர்ர்...' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள். கூடவே மூக்கில் ஏறும் ஒரு பிளாஸ்டிக் வாசனை. இருபது வருடத்துக்கு முன்னால் பாப்பிரெட்டிப்பட்டியில் அந்த வாசனைக்கு ஏகபோகச் சக்கரவர்த்தி அடியேன்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்தில் ஒரு கடை. உள்ளே லைட் எரியும் கடைப்போர்டுகள் செய்வது தொழில். சாயங்காலம் சூரியன் மறைவதே என் போர்டுகளுக்கு வழி விடத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வெளிச்சத்தைப் பார்த்து விடிந்துவிட்டது என்று ஏமாந்து சித்தேரி ஆடுகள் மலையிறங்கி வந்ததாகவும் ஒரு கதை கட்டியிருந்தேன். நாலு பேர் நம்பினார்கள். அதில் ஒருவன் நான்...

அந்தச் சமயத்தில்தான் மல்லிகாக்கா வந்தார்.

லாரி டிரைவர் ஒருவரின் மனைவி. எட்டு வருடம் வூட்டுக்குள்ளேயே ஜாக்கெட் தைத்தவர், கடைத்தெருவின் கடைக்கோடியில் முதன்முதலாகத் தனிக்கடை பிடித்திருந்தார். மலையிலிருந்து வரும் பெண்கள் சாமான் வாங்கி முடித்து, பஸ் ஏறுவதற்கு முன்னால், இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஒரு அரைமணி அந்தத் தெருவில் நடப்பார்கள். அந்த அரைமணியை நம்பித்தான் கடையே. தெருமுனையிலிருந்து பார்த்தால் பெயர் தெரிய வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

"வெள்ளையில நீல எழுத்து போதும்ங்க தம்பி. தூரத்துல இருந்து படிக்க வந்தா சரிங்க."

வெள்ளையா? என் கலையுள்ளம் கொதித்தது.

முந்தின வாரம்தான் சேலத்தில் ஒரு அரக்கு நிற ஷீட்டைப் பார்த்து, பெண் பார்க்கப் போனவன் மாதிரி மயங்கி, வாங்கி வந்து வைத்திருந்தேன்.

"வெள்ளை ஆஸ்பத்திரிக்குப் போடறதுங்கக்கா. உங்க கடை அரமணை மாதிரி இருக்க வேணாமா?"

ஷீட்டைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனேன். உச்சி வெயில். சூரியனுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். அடடா... மாணிக்கக் கல்லைப் பலகையாக அறுத்த மாதிரி ஜொலித்தது. மல்லிகாக்காவின் முகமெல்லாம் சிவப்பு வெளிச்சம். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க..." என்று இழுத்தார்.

அந்த இழுப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

அதன் மேல் தங்கக் கலர் ஸ்டிக்கரில் எழுத்து வெட்டி ஒட்டினேன். 'மல்லிகா தையலகம்'. கடை திறந்த அன்று காலை பால் காய்ச்சினார்கள். வெயிலில் போர்டு தகதகத்தது. தெருவே பாராட்டியது. நான் தரையில் நடக்கவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு ஸ்விட்சைப் போட்டார்கள்.

உள்ளே நாலு ட்யூப்லைட். சூரியன் எங்கே, நாலு ட்யூப் எங்கே? அரக்கு ஷீட் அத்தனை வெளிச்சத்தையும் விழுங்கிவிட்டு, அணையப் போகும் கரி மாதிரி உட்கார்ந்திருந்தது. தங்க ஸ்டிக்கர் வழியாக ஒரு துளி வெளிச்சம் வரவில்லை. எழுத்தெல்லாம் கறுப்பு. கடை வாசலில் நின்றால் படிக்கலாம். வாசலுக்கே வந்துவிட்டவர்களுக்குப் போர்டு எதற்கு?

"புது ட்யூப்பு, சூடு ஏறினா சரியாயிடும்க்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

ஐந்தாம் நாள் அந்தப் பக்கம் போனேன். போர்டுக்கு மேலே ஒரு மூங்கிலை நீட்டி, அதில் வெறும் ட்யூப்லைட் ஒன்றைக் கட்டியிருந்தார் மல்லிகாக்காவின் வீட்டுக்காரர். லைட் போர்டைப் பார்க்க இன்னொரு லைட்! ஏழு உலகத்திலும் இப்படியொரு அதிசயம் இருந்திருக்காது.

மழை பெய்தால் அந்த ட்யூப்புக்கு ஈசல் மொய்க்கும். வாசலில் நிற்பவர்கள் தலையிலும், அவர்கள் கொண்டுவந்த துணியிலும் கொட்டும். நின்றவர்களும் நகர்ந்துவிடுவார்கள்.

என் கடை மூலையில் மில்க் ஒயிட் ஷீட் ஒன்று சும்மாதான் சாய்ந்து கிடந்தது. மாற்றிக் கொடுக்க அரைநாள் வேலை. ஆனால் மாற்றினால் சக்கரவர்த்தி தப்புச் செய்துவிட்டான் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே... அதனால் நான் பாதையை மாற்றிக்கொண்டேன். கடைத்தெருவை விட்டுவிட்டு, சாக்கடைச் சந்து வழியாகச் சுற்றிப் போனேன். இரண்டு வருடம்!

வழியில் எங்காவது எதிர்ப்பட்டால் மல்லிகாக்கா கேட்பது ஒன்றுதான். "நல்லாருக்கீங்களா தம்பி?" போர்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டாம் வருடக் கடைசியில் கடையை மூடிவிட்டார். மறுபடியும் வூட்டுக்குள் மிஷினைப் போட்டுக்கொண்டார். அப்புறம் அரூர் பக்கம் குடிபோனதாகக் கேள்வி.

போன வருடம் தீர்த்தமலைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்த நேரம். அரூரில் பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெள்ளை போர்டு. நீல எழுத்து. 'மல்லிகா தையலகம்'. பஸ் நிற்பதற்கு முன்பே படித்துவிட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுத்திருக்கிறான்.

இறங்கிப் போனேன். தலை நரைத்திருந்தது மல்லிகாக்காவுக்கு. இரண்டு பெண்கள் மிஷினில் இருந்தார்கள். டீ வரவழைத்தார். அன்றைக்கே ஏன் என்னைத் திட்டவில்லை என்று கேட்டே விட்டேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நீங்க அத்தன ஆசையா செஞ்சீங்க தம்பி. மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது?"



இப்போது எல்லாம் எல்.ஈ.டி. போர்டை மாட்டிவிட்டு நான் வூடு வந்து சேர்வதற்குள் கஸ்டமர் போட்டோ எடுத்து, தப்பு இருக்கும் இடத்தில் வட்டம் போட்டு, வாய்ஸ் மெசேஜில் திட்டி அனுப்பிவிடுகிறார். அந்தத் திட்டை இரண்டு தடவை போட்டுக் கேட்கிறேன். மறுநாள் போய் மாற்றிக் கொடுக்கிறேன். வெள்ளை கேட்டால் வெள்ளை. அரமணை, மகாராஜா என்று வாயைத் திறப்பதே இல்லை.

ரொம்ப அடக்கமான மனுசன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது நண்பர்களே. அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் அரூரில் ஒருவர் இருக்கிறார். அதையும் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்...