அவருடைய அண்ணன் தம்பிமார்

புருசனை இழுத்தது இன்னொரு பெண் என்றால் கொண்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். கோட் போட்ட ஆம்பிளைகளை என்ன செய்வது? என் கணவர் பரந்தனில் வாய்க்கால்களை மேற்பார்க்கும் நீர்ப்பாசன ஓவசியராக இருந்த காலம் அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கொதிக்கிற வெயிலிலும் கறுப்புக் கோட் மாட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறிவிடுவார். அங்கே ஒரு சகோதரர் சங்கம். உள்ளே நடப்பதைப் பெண்சாதிக்கும் சொல்லக் கூடாதாம். பெரிய தேவரகசியம்!

எங்கள் மகன் இரண்டு வயதில் காய்ச்சலில் போனபின் அவர் வீட்டில் வாய் திறப்பதே குறைவு. பிள்ளையின் கதையை எடுத்தால் வாய்க்கால் பார்க்கப் போய்விடுவார். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் காணவில்லை. பிள்ளையைப் பற்றி என்னோடு ஒரு வார்த்தை கதைக்கமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன். அந்தச் சனிக்கிழமை மட்டும் மனுசன் விடியவே எழும்பிச் சவரம் செய்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள், கண்டாவளைக்கு வயல் பார்க்க வந்த சங்கத்தார் ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் கணவர் சந்திக் கடைக்குச் சோடா வாங்கப் போன நேரம், தேத்தண்ணியைக் கொடுத்து மெல்ல வாயைக் கிளறினேன்.

"அப்பிடி என்ன அண்ணை அங்க செய்யிறியள்?"

சிரித்தார். முந்தி சீமையில் தேவாலயம் கட்டிய கல்தச்சர்கள் தொடக்கிய சங்கமாம். ஊரூராய்ப் போகிற வேலை, தங்கள் ஆளை அறிய ஒரு கைச்சைகை, நோய் வந்தால் ஒருவரையொருவர் பார்ப்பது. பிறகு கல்லையே தொடாத துரைமாரும் சேர்ந்தார்களாம். சமயமும் அரசியலும் வாசலோடு நிற்க வேண்டும். உள்ளே பெரியவர் சின்னவர் இல்லை.

"ஒருத்தற்றை வீட்டில துக்கம் எண்டால், அவரை நடுவில விட்டு நாங்கள் சுத்தி நிண்டு கை கோப்பம். உங்கட அவர் மகனைச் சொல்லி அழுத அழுகை, தங்கச்சி! பிள்ளை தகப்பன்ரை சப்பாத்துக்குள்ள காலை விட்டுக்கொண்டு முற்றம் முழுக்கத் திரிஞ்சானாம். உங்களுக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியாது. அப்போது நான் குசினியில் அடுப்போடு நின்றிருப்பேன். நான் பெற்ற பிள்ளையின் கதை அத்தனை கோட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கிறது.

வந்தவர் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்க அழத் தெரியுது. இஞ்ச என்ன, தொண்டை அடைக்குதோ?"

"நானும் அழுதால் நீ தாங்கமாட்டாய் எண்டு..."

"நீங்கள் அழாததைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு! அந்தச் சப்பாத்துக் கதையை எனக்கும் சொல்லுங்கோ."

கொடியில் கிடந்த, முகம் துடைக்கும் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அடுத்த முறை கோட்டை நானே தட்டித் துடைத்துக் கொடுத்தேன். மனுசனுக்கு அழ ஓரிடமாவது இருக்கட்டும். ரயில் கூவிக்கொண்டு போனது. அந்தக் கோட்டுக்காரப் பாழ்படுவார், இன்றைக்கும் என் பிள்ளையின் கதை ஒன்றைக் கேட்கப் போகிறார்கள் என்று வயிறு எரிந்தது.